வினோதா நிரப்பிய டப்பா

“அச்சமோ வற்புறுத்தலோ இன்றி, தெளிந்த மனத்துடன் தமது சிறுநீரகத்தைக் கணவருக்கு அளிக்க முன்வந்துள்ளார்” என்று வினோதாவைப் பற்றி அனுமதிக் குழு எழுதி முத்திரையும் குத்தியிருந்தது. தெளிந்த மனத்தைப் பற்றித் தகராறு இல்லை. அச்சமின்றி என்பதுதான் இடித்தது. கல்லாவியில் பிறந்து ஓசூருக்கு வாழ்க்கைப்பட்ட வினோதா பல்லிக்குப் பயந்தவள், லிஃப்டுக்குப் பயந்தவள், பெங்களூர் ரோட்டைக் கடக்க முன்பின் தெரியாத பெண்ணின் கையைப் பிடித்துக்கொள்பவள். குழுவின் முன்னால் அவள் உட்கார்ந்த நாற்காலி ஆடியது. நாற்காலியில் குறை ஒன்றும் இல்லை.

ஆனாலும் கொடுத்தாள். உதிரிபாகக் கம்பெனியில் வேலை செய்யும் கணவன் சிவராஜின் உடம்பில் அவளுடைய சிறுநீரகம் சமர்த்தாக ஓடியது. அதை அந்நியம் என்று உடம்பு துரத்திவிடாமலிருக்க மாத்திரைகள் உண்டு. அவை உடம்பின் காவலையே தூங்க வைத்துவிடும். விருந்தாளிக்காகத் திறந்து வைத்த கதவில் திருடனும் நுழையலாம். இதை டாக்டர் சொன்ன நாளிலிருந்து வினோதா ஜன்னலைத் திறக்கவில்லை. மாமியார் ரங்கம்மாவே மகனை வாசலில் நின்று பார்த்துவிட்டு, தெலுங்கில் திட்டிக்கொண்டு திரும்பிப் போனாள்.

அப்படியும் ஒரு மழைக்காலத்தில் சிவராஜுக்குக் காய்ச்சல் வந்தது. கூடவே வறட்டு இருமல். மூச்சை இழுத்தால் விலாவில் குத்தல்.

காசநோயா, பூஞ்சையா, வேறு கிருமியா என்று பார்க்கச் சளி வேண்டும் என்றார் டாக்டர் சுசித்ரா. லேப்பில் இருந்த மூர்த்தி, பெயர் எழுதி ஒரு டப்பா கொடுத்தார். சிவராஜ் கண்ணில் நீர் வர இருமினான். டப்பாவில் விழுந்தது எச்சில். மூர்த்தி திருப்பியனுப்பினார். மறுபடியும் எச்சில்.

“எச்சில வெச்சிக்கினு நான் என்னாம்மா பண்றது? கெட்டியா சளி வோணும். இல்லன்னா டெஸ்ட் கெடையாது.”

டெஸ்ட் இல்லையென்றால் வைத்தியமும் இல்லை என்று வினோதா புரிந்துகொண்டாள். காசநோய் என்று வந்துவிட்டால் கம்பெனி பஸ்ஸில் சிவராஜின் பக்கத்து சீட்டில் யாரும் உட்காரமாட்டார்கள் என்ற பயமும் உள்ளே ஓடிக்கொண்டிருந்தது. ஓசூர்க் குளிருக்கு அவளுக்கு எப்போதும் சளிதான். டப்பாவை எடுத்துக்கொண்டு பாத்ரூமுக்குள் போனவள், நிரப்பிக்கொண்டு வந்தாள். மூர்த்தி அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, “இப்ப வந்துச்சு பாரு” என்று பாராட்டினார். வீட்டுக்காரர் உடம்பில் ஓடுவதே என் கிட்னி, சளி மட்டும் வேறாகிவிடுமா என்று வினோதா தனக்குச் சொல்லிக்கொண்டாள்.

ரிப்போர்ட் சுத்தமாக வந்தது. காய்ச்சலோ அதைப் படிக்கவில்லை; இறங்கவே இல்லை. சாதாரண நிமோனியாவுக்கான மருந்து ஏறிக்கொண்டிருக்கும்போதே, சிவராஜ் இருமிய துண்டில் ரத்தம் தெரிந்தது.

ஸ்கேன் எடுத்தார்கள். நுரையீரலில் வெள்ளையாக ஓர் உருண்டை. அதைச் சுற்றி மங்கலாக ஒரு வளையம். விடிகாலைப் பனியில் எதிரே வரும் லாரி விளக்கு போல வினோதாவுக்குத் தெரிந்தது. பூஞ்சையாக இருக்கலாம் என்றார் டாக்டர். அதன் விதை காற்றில் எங்கும் உண்டு, எல்லோரும் சுவாசிக்கிறோம், எதிர்ப்பு குறைந்தவரைத்தான் பிடிக்கும் என்றும் சொன்னார். உறவுக்காரர்களையெல்லாம் வாசலில் நிறுத்திய வினோதாவுக்கு, காற்றை நிறுத்தியிருக்க முடியாது என்பது அப்போதுதான் உறைத்தது.

“ஆனா சளியில ஒண்ணுமே இல்லையேம்மா. பூஞ்சை மருந்து கிட்னி மருந்தோட மோதும். சந்தேகத்துல குடுத்து நீங்க குடுத்த கிட்னிய கெடுத்துட்டா? நுரையீரலுக்குள்ள கொழாய் விட்டுப் பாக்கலாம்னா அவர் மூச்சு தாங்குமான்னு தெரியல. ரெண்டு நாள் பொறுப்போம்.”

டாக்டர் மாடிக்குப் போய்விட்டார். வினோதா நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்தாள். சொன்னால் போலீஸைக் கூப்பிடுவார்களா, வைத்தியத்தை நிறுத்திவிடுவார்களா, மூர்த்தியின் வேலை போய்விடுமா என்று பயங்கள் வரிசையாக வந்தன. உள்ளே சிவராஜ் இருமினான். எல்லாவற்றுக்கும் கீழே கிடந்த பெரிய பயம் அப்போது மேலே வந்தது. சுத்தம் என்று எழுதியிருப்பது அவளுடைய நெஞ்சைப் பற்றி. டாக்டர் பொறுக்கச் சொன்ன அந்த இரண்டு நாளும் அவள் துப்பிய சளியால் வந்தது.

படிக்கட்டைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். கண்ணை மூடிக்கொண்டு லிஃப்டில் ஏறி டாக்டரின் அறைக்குப் போனாள்.

“மேடம், அந்த டப்பாவுல இருந்தது அவுரு சளி இல்லீங்க.”

“பின்ன யாரோடது?”

“என்னுதுங்க.”

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். “அப்ப உங்க நெஞ்சு நல்லாருக்குன்னுதான் நான் இவ்ளோ நாளா எழுதிட்டிருக்கேன்.”

“அவுருக்கு வரவே இல்லீங்க மேடம். வரலன்னா டெஸ்ட் இல்லன்னாங்க. பயந்துட்டன்.”

“வரலன்னா வரலன்னு சொல்லணும். அதுவே எங்களுக்கு ஒரு தகவல்தான்.”

அதற்குமேல் அவர் திட்டவில்லை. வினோதாவுக்கு அதுதான் அதிகம் பயமாக இருந்தது. டாக்டர் ஃபோனை எடுத்து, அன்றைக்கே குழாய் விட ஏற்பாடு செய்தார். ஆபத்து அப்படியேதான் இருந்தது. காத்திருப்பது அதைவிட ஆபத்தாகிவிட்டது.

உள்ளே தள்ளிக்கொண்டு போகுமுன் வினோதா சிவராஜிடமும் சொன்னாள். அவன் சிரிக்கப் பார்த்தான்; இருமல்தான் வந்தது.

“கிட்னி குடுத்த, சரி. என் சளியக்கூட நீயே துப்பணுமா புள்ள?”

நுரையீரலுக்குள் உப்புநீரை விட்டு உறிஞ்சி எடுத்ததில், கிளை பிரிந்த நூலிழைகள் நுண்ணோக்கியில் தெரிந்தன. பூஞ்சைதான். அதற்கான மருந்தைத் தொடங்கி, கிட்னி மருந்தைக் குறைத்து, ரத்தத்தை அடிக்கடி சோதித்தார்கள். காய்ச்சல் மெதுவாக இறங்கியது. சிறுநீரகம் இதுவரை ஓடுகிறது; இனியும் ஓடும் என்று யாரும் எழுதித் தரவில்லை.

வீட்டுக்கு வந்ததும், மூடியே கிடந்த ஜன்னலோரச் சுவரில் ஈரத்தில் கறுப்பாகப் பூஞ்சை பூத்திருந்ததைக் கண்டாள். அதிலிருந்துதான் வந்ததா என்று கேட்டதற்கு, யாராலும் சொல்ல முடியாது என்றார் டாக்டர். சிவராஜை அந்த அறைக்குள் விடாமல், ஆளை வைத்துச் சுவரைச் சுத்தம் செய்தாள்.

வினோதா செய்தது இதுதான்: கணவன் பெயர் எழுதிய டப்பாவில் தன் சளியைத் துப்பிக் கொடுத்தாள், பிறகு டாக்டரிடம் போய் அதைச் சொன்னாள்.