லேபிள் வெட்டாத பனியன்கள்

என்னை அந்தச் சபையில் சேர்த்துவிட்டது, எனக்குத் தையல் வேலை கொடுத்துக்கொண்டிருந்த எக்ஸ்போர்ட்காரர். நம் நாட்டுக்கும் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஒரு நாட்டுக்கும் வியாபாரம் வளர்ப்பதற்கான வர்த்தக சபை அது. அவர் அதில் துணைத் தலைவர். அவிநாசிபாளையத்திலிருந்து உள்ளே பிரிகிற ரோட்டில் எனக்கு இருபது மிஷின் இருந்தது. அவர் கம்பெனியில் வெட்டி அனுப்புகிற துணியைத் தைத்துத் திருப்பி அனுப்புவோம். வேறு யாரிடமும் நான் வேலை வாங்கியதில்லை. ஒரே ஆளை நம்பி இருக்கிறோமே என்று தினமும் பயப்படுவேன். இன்னொருவரிடம் போய்க் கேட்டால் இவர் கோபித்துக்கொள்வாரோ என்று அதைவிட அதிகமாகப் பயப்படுவேன்.

“அம்மிணி, சபையில பொம்பளை உறுப்பினரே இல்லீங்க. நீங்க வந்தா நல்லா இருக்கும்” என்றார்.

நான் எட்டாவதோடு நின்றவள். அங்கே வந்து என்னங்க பேசுவேன் என்றேன்.

“பேச வேண்டாங்க. வந்து உக்காந்தாப் போதும்.”

போய் உட்கார்ந்தேன். மாதம் ஒரு கூட்டம். ஏற்றுமதிக் காகிதம் எப்படி எழுதுவது என்று ஒரு மாதம், அந்த நாட்டுக்காரர்களுக்கு எப்படிக் கை கொடுப்பது என்று ஒரு மாதம், சாயத்தண்ணீரைப் பற்றி ஒரு மாதம். திரையில் ஒரு கோடு கீழே ஆரம்பித்து மேலே மேலே போகும், எல்லோரும் கை தட்டுவார்கள். அது என்ன கோடு என்று பக்கத்தில் கேட்கக் கூச்சம். கூட்டத்துக்குக் கூட்டம் நாற்காலிகள் கூடிக்கொண்டே போயின. என் நாற்காலி மட்டும் எப்போதும் முதல் வரிசையில், போட்டோ விழுகிற இடத்தில்.

வருஷத்தின் பாதியில் அந்த நாட்டிலிருந்து பன்னிரண்டு பேர் வருவதாகச் சொன்னார்கள். எக்ஸ்போர்ட்காரர் போன் செய்தார். “பெரிய கம்பெனி எல்லாம் பாத்துட்டாங்க. பெண் தொழில்முனைவோர்னு உங்க யூனிட்டைத்தான் காட்டப் போறோம்.” வைக்கும் முன் இன்னொன்றும் சொன்னார். “விருந்தாளிங்களச் சும்மா அனுப்பீராதீங்க. நம்மூரு மரியாதைன்னு ஒண்ணு இருக்குதுங்கல்ல. நல்லதா ஏதாச்சும் கையில குடுத்து அனுப்புங்க.”

பத்து நாள் நான் தூங்கவில்லை என்றே சொல்லலாம். கக்கூஸ் கதவின் தாழ்ப்பாள் சரியாக விழுமா? தீயணைக்கிற சிலிண்டரைப் பற்றிக் கேட்டால் அதை யார் பிடித்துக் காட்டுவது? வாசலில் படுத்திருக்கிற நாயைப் பார்த்து முகம் சுளிப்பார்களா? என் வீட்டுக்காரர், “நாய்க்கும் ஒரு ஐடி கார்டு மாட்டி உட்ரு” என்றார். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து ஆறு வருஷமாக என்னிடம் ஓவர்லாக் மிஷின் ஓட்டிய ஒரு பெண் இருந்தாள். நான் ஜன்னல் கம்பியைத் துடைப்பதைப் பார்த்துவிட்டு, “ஏக்கா, அவங்க பொண்ணு பாக்கவா வாராங்க? இந்தத் தொடை தொடைக்கிய?” என்றாள்.

என்ன கொடுத்து அனுப்புவது என்பதில் மட்டும் எனக்குக் குழப்பமே வரவில்லை. எங்கள் ஊரில் யார் வந்தாலும் பனியன்தான். சொந்தக்காரர், டாக்டர், மின்சார ஆபீஸ்காரர் என்று யாரையும் வெறும் கையோடு அனுப்பமாட்டோம். பழுதுக்கென்று கம்பெனியில் எப்போதும் சில பீஸ் கூடுதலாக வெட்டி அனுப்புவார்கள். பழுது வராவிட்டால் அது மிச்சம். அந்த மிச்சத்தை வெளியே விடும் முன் கழுத்து லேபிளை வெட்டிவிட வேண்டும். அந்த லேபிளில் இருப்பது வெளிநாட்டுக் கடையின் பெயர். அவர்கள் விற்காத பனியன் அவர்கள் பெயரோடு யாரிடமும் இருக்கக் கூடாது. இது எங்கள் பக்கத்தில் துணி மடித்துக் கொடுக்கிற பெண்ணுக்குக்கூடத் தெரியும்.

கத்தரியோடு உட்கார்ந்தேன். வெட்டினால் கழுத்தில் ஒரு முனை துருத்திக்கொண்டு நிற்கும். பார்த்ததும் செகண்ட்ஸ், கழித்துப்போட்ட சரக்கு என்று தெரிந்துவிடும். கடல் தாண்டி வந்தவர்களுக்கு அறுத்த பனியனையா கொடுப்பது? இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இவ்வளவு பெரிய கடைக்கு நாங்கள்தான் தைக்கிறோம் என்று அவர்கள் தெரிந்துகொள்ளட்டும் என்ற ஆசையும் இருந்தது.

“லேபிள வெட்டலையாக்கா?” என்று ஓவர்லாக்காரி கேட்டாள்.

“இன்னைக்கு வேண்டாம் கண்ணு.”

வந்தார்கள். அரை மணி நேரம் இருந்தார்கள். மிஷினுக்கு நடுவே நின்று போட்டோ எடுத்தார்கள். பைகளை எக்ஸ்போர்ட்காரரும் நானும் சேர்ந்தே கொடுத்தோம். ஒருவருக்கு அவரே பனியனை எடுத்து, மார்பில் வைத்து அளவு பார்த்துக் கொடுத்தார். லேபிள் அவர் கண்ணுக்கு நேரே இருந்தது. “பிரமாதம் அம்மிணி” என்றார்.

அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருவர் ஊருக்குப் போய், அந்தப் பனியனைப் போட்டுக்கொண்டு ஒரு படம், கழுத்து லேபிள் தெரிய ஒரு படம் எடுத்து, சபைக்கு நன்றி என்று எழுதி எல்லோரும் பார்க்கிற மாதிரி நெட்டில் போட்டுவிட்டார். அது அடுத்த கோடைக்கு வரவேண்டிய டிசைன். கடைக்கே இன்னும் போகவில்லை. கடைக்காரர்கள் பார்த்துவிட்டார்கள். எக்ஸ்போர்ட்காரருக்குக் கடிதம் வந்தது.

திங்கட்கிழமை வரவேண்டிய கட்டிங் துணி வரவில்லை. போன் செய்தேன்.

“வராதுங்க அம்மிணி. லேபிளோட குடுத்துட்டீங்களே.”

“நீங்கதானுங்கண்ணா குடுக்கச் சொன்னீங்க.”

“ஏதாச்சும்னா ஒரு சால்வை, ஒரு தேங்காபழம். பனியன்னா சொன்னேன்?”

“நீங்களும்தானுங்க எடுத்துக் குடுத்தீங்க.”

அதே மரியாதை மாறாமல், “அந்த யூனிட்டை நிறுத்தியாச்சுன்னு கடைக்காரங்களுக்கு எழுதிக் குடுத்துட்டனுங்க. எனக்கு வேற வழியில்லை பாருங்க” என்றார்.

வேறு நாலு கம்பெனிகளுக்குப் போனேன். எல்லா இடத்திலும் உட்காரச் சொன்னார்கள், டீ கொடுத்தார்கள். ஒரு மேனேஜர் மட்டும் வாய்விட்டே கேட்டார்: “லேபிளோட குடுத்தது நீங்கதானுங்களா?” என் பெண்கள் ஒருவர் ஒருவராகப் பல்லடம் பக்கம் வேறு கம்பெனிகளுக்குப் போனார்கள். நானே போகச் சொன்னேன். ஓவர்லாக்காரி மட்டும் போகாமல், ஓடாத மிஷினுக்குத் தினமும் எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தாள்.

சபையின் வருஷக் கூட்டத்துக்குப் போகவேண்டாம் என்றுதான் இருந்தேன். எல்லோர் எதிரிலும் வேலை கேட்டால் எக்ஸ்போர்ட்காரர் இல்லை என்று சொல்லமாட்டார் என்ற ஒரு நப்பாசையில் போனேன். அந்த வருஷம் செய்ததை எல்லாம் திரையில் போட்டார்கள். இத்தனை கூட்டம், இத்தனை புது உறுப்பினர், இத்தனை பயணம். நடுவில் என் யூனிட். நான் பையை நீட்டுகிறேன், பக்கத்தில் அவர் சிரிக்கிறார். கை தட்டல் அடங்கச் சிறிது நேரமானது. அவரும் தட்டினார். வருஷம் முழுக்க நடந்ததில் மிகச் சிறப்பானது அதுதான் என்று செயலாளர் மைக்கில் சொன்னார். எழுந்து கேட்க நினைத்தேன். அதற்குள் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள்.

சாப்பாட்டுப் பந்தியில் அவரே என் இலைக்கு வந்து பரிமாறினார். “சாப்புடுங்க அம்மிணி, கூச்சப்படாதீங்க.”

“அண்ணா, கொஞ்சமா ஏதாச்சும் வேலை குடுத்தீங்கன்னா…”

“பாக்கலாங்க. அதவிட முக்கியமா ஒண்ணு. தையில மறுபடி ஒரு குழு வருது. உங்க யூனிட்டையே காட்டலாம்னு செயற்குழுவுல முடிவு. அவங்களுக்கு ரொம்பப் புடிச்சுப் போச்சு.”

“மிஷின் ஓடலீங்களே.”

“ஓடோணும்னு இல்லீங்க. சுத்தமா இருந்தாப் போதும். ஒரு பத்துப் பொம்பளைங்களைக் கூட்டி உக்கார வச்சுக்கலாம்.”

சரிங்க என்று சொல்லிவிட்டேன். இத்தனை வருஷம் அவரிடம் வேறெதுவும் சொல்லிப் பழக்கமில்லை.

வீட்டில் சொன்னபோது என் வீட்டுக்காரர் கேலி செய்யவில்லை. “வேலை கேக்கத்தான போனே?” என்று மட்டும் கேட்டார். மறுநாள் தாராபுரத்திலிருந்து மிஷின் வாங்குகிறவரை வரச் சொன்னேன். லாரியில் ஏற்றும்போது ஓவர்லாக்காரி தன் மிஷினின் ஊசியைக் கழற்றி எடுத்துக்கொண்டாள். அவளையும் பல்லடத்துக்கே அனுப்பினேன்.

மார்கழியில் செயலாளர் கூப்பிட்டார். குழு வருகிற தேதியைச் சொன்னார். மிஷின் எல்லாம் விற்றாகிவிட்டது என்றேன்.

“அடடா, அப்படிங்களா” என்றார். பேப்பரைப் புரட்டுகிற சத்தம் கேட்டது. “உங்களாட்ட லேடீஸ் நடத்துற யூனிட் வேற ஏதாச்சும் தெரியுங்களா?”

எனக்கு மூன்று பேரைத் தெரியும். மூன்று பேருமே, கேட்டால் மறுக்கத் தெரியாதவர்கள்.

“தெரியாதுங்க” என்று சொல்லி போனை வைத்தேன்.