வீட்டுக் காரணம்

அலுவலகத்தில் அவனை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. இஸ்திரி என்பார்கள். எப்படிக் கசங்கிய விஷயத்தைக் கொடுத்தாலும் ஒரு சுருக்கம் இல்லாமல் தேய்த்து மடித்துக் கொடுத்துவிடுவான் என்பதால் வந்த பட்டம். அவனும் அதற்குத் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டான்.

திரைச்சீலைக் கடைக்கு மேலே, மூன்றாவது மாடியில் இருந்தது அந்த அலுவலகம். ஏ.சி. சொட்டும் தண்ணீரைப் பிடிக்க ஒரு வாளி, அதற்குப் பக்கத்தில் யாரோ மறதியில் தினமும் தண்ணீர் ஊற்றும் பிளாஸ்டிக் செடி. மருந்துக் கம்பெனிகள் தங்கள் பரிசோதனை முடிவுகளை அங்கே அனுப்பும். இஸ்திரி அதைக் கட்டுரையாக எழுதுவான். கம்பெனிக்காரர்கள் பார்த்து, பிடிக்காததை எடுக்கச் சொல்வார்கள். எடுப்பான். கடைசியில் அது ஒரு மருத்துவப் பேராசிரியரிடம் போகும். அவர் பெயரில் உலகத்துக்கு வரும். மூட்டுவலி மாத்திரையைப் பற்றிய கட்டுரையைப் பேராசிரியர் ஒரே ஒரு திருத்தத்தோடு திருப்பி அனுப்பினார். அவருடைய முதலெழுத்துக்குப் பின்னால் புள்ளி விட்டுப்போயிருந்தது.

கட்டுரை போக இன்னொரு வேலையும் உண்டு. பரிசோதனையில் இருப்பவர்களில் சில பேர் மயங்குவார்கள், விழுவார்கள், செத்தும் போவார்கள். அப்படிப்பட்ட ஒவ்வொருவருக்கும் பத்து வரியில் ஒரு கதை எழுதிச் சேர்க்க வேண்டும். பெயர் இருக்காது. ஓர் எண், வயது, ஆணா பெண்ணா, என்ன ஆனது, எதனால் ஆனது. அவன் வேலைக்குச் சேர்ந்த அன்றே மேடம் அதற்கான சூத்திரத்தைச் சொல்லிக்கொடுத்துவிட்டாள். மேடம் என்றால் அந்த அலுவலகத்தை நடத்துகிறவள். குரலை உயர்த்தியே அறியாதவள்.

"மாத்திரையும் காரணமா இருக்கலாம், வீடும் காரணமா இருக்கலாம்னா, வீட்டை எழுதுங்க. பொய் எழுதச் சொல்லல. தேடுங்க, கிடைக்கும். எந்த வீட்டுல காரணம் இல்ல?"

தேடினான். கிடைத்தது. தலைசுற்றி விழுந்த வேன் டிரைவர் காலையில் சாப்பிடாமல் வந்திருந்தார். மாடிப்படியில் உருண்ட அம்மாளின் வீட்டில் படிவிளக்கு எரியவில்லை. ஈரம், இருட்டு, படிக்கட்டு, பட்டினி, வெயில், துக்கம். வீட்டுக் காரணம் என்று அலுவலகத்தில் அதற்குப் பெயரே இருந்தது. "இன்னும் வீட்டுக் காரணம் வரலியா?" என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வார்கள், தேநீர் வரலியா என்று கேட்பதுபோல.

அவன் குடியிருந்தது அக்கா வீட்டு மாடியறையில். கீழே அக்காவும் மாமாவும். பிள்ளைகள் இல்லை. மாமா தரைக்கு டைல்ஸ் பதிக்கும் மேஸ்திரி. "ஒரு வீட்டுல ஒரு மேஸ்திரி, ஒரு இஸ்திரி. உங்கக்காவுக்கு வேற என்ன வேணும்?" என்று சிரிப்பார். வீட்டில் சொல்லிக்கொள்ளும்படியாக இருந்தது குளியலறை ஒன்றுதான். ஊரில் உள்ள பணக்காரர்களுக்குப் பதித்துவிட்டு மிஞ்சிய துண்டுகளைக் கொண்டுவந்து, ஏழெட்டு நிறத்தில் மாமாவே பதித்த தரை. ஒவ்வொரு துண்டும் சொரசொரப்பு. வாட்டம் அவ்வளவு கச்சிதம். ஒரு குவளை தண்ணீரை எந்த மூலையில் கொட்டினாலும், கூப்பிட்ட நாய்க்குட்டி மாதிரி ஓட்டையைத் தேடி ஓடும்.

"இதுல வழுக்கி விழணும்னா தனியா படிச்சுட்டு வரணும், மாப்ள."

ஆனால் காலமெல்லாம் அடுத்தவர் வீட்டில் மண்டிபோட்டே முட்டி இரண்டும் தேய்ந்துவிட்டன. அவரை அந்த மூட்டுவலி மாத்திரைப் பரிசோதனையில் சேர்த்துவிட்டவனே இஸ்திரிதான். "புது மாத்திரை மாமா. பெரிய ஆஸ்பத்திரி. எல்லா டெஸ்டும் அவங்களே பாத்துப்பாங்க." மாமா மறுபேச்சுப் பேசவில்லை. படித்த மச்சினன் சொன்னால் அதற்கு மேல் என்ன இருக்கிறது?

மாத்திரை பெயரில்லாத வெள்ளை டப்பாவில் வந்தது. முட்டிவலி நிஜமாகவே குறைந்தது.

பரிசோதனை முடியும் முன்பே எழுத ஆரம்பித்த கட்டுரையின் முதல் வரைவில் இஸ்திரி ஒரு வரி எழுதியிருந்தான்: 'இதை உட்கொள்பவர்கள் உட்கார்ந்த இடத்திலிருந்து மெதுவாக எழுந்திருக்க வேண்டும்.' பல பேர் எழும்போது தலைசுற்றுகிறது என்று சொல்லியிருந்ததால் எழுதினான். மேடம் அவன் மேஜைக்கே வந்து நின்றாள்.

"இந்த வரி எதுக்கு? நீங்க எழுதுறது மாத்திரையைப் பத்தி. எழுந்திரிக்கிறதைப் பத்தி இல்ல. படிக்கிற டாக்டர் பயந்துடுவார்."

எடுத்தான். எடுத்த இடம் தெரியாமல் மேல்வரியையும் கீழ்வரியையும் இழுத்துச் சேர்த்தான். அதில்தானே அவன் கெட்டிக்காரன்.

அன்று சாயங்காலம் மாமா வாசற்படியில் உட்கார்ந்து முட்டியைத் தடவிக்கொண்டிருந்தார்.

"மாத்திரை நல்லாத்தான் இருக்கு, மாப்ள. என்ன, எழுந்தா வீடு ஒரு சுத்து சுத்திட்டு வந்து நிக்குது."

"வயசு, மாமா."

"எனக்கா, வீட்டுக்கா?"

இரண்டு பேரும் சிரித்தார்கள். மெதுவாக எழுந்திருங்கள் என்று சொல்ல அவனுக்கு வாய்வரை வந்தது. சொன்னால் ஏன் என்பார். ஏன் என்று சொன்னால் மாத்திரையை நிறுத்துவார். நிறுத்தினால் ஆஸ்பத்திரியில் கேட்பார்கள். வெள்ளை மனசுக்காரர், மச்சினன் சொன்னான் என்று சொல்லிவைப்பார். வந்த வார்த்தையை எச்சிலோடு விழுங்கிக்கொண்டு மாடிக்குப் போனான்.

பதினைந்து நாள் கழித்து, காலையில், குளியலறைக்குள் ஏதோ சாய்ந்த சத்தம் கேட்டது. கூப்பிட்டால் பதில் இல்லை. இஸ்திரிதான் தோளால் இடித்துத் தாழ்ப்பாளை உடைத்துக்கொண்டு முதலில் உள்ளே போனான். மாமா குளிக்க உட்காரும் குட்டி ஸ்டூல் நிமிர்ந்தே இருந்தது. சோப்பை எடுக்க எழுந்திருப்பார். குழாயின் பித்தளை முனையில் தலை மோதியிருந்தது. வாளியில் விளிம்புவரை தண்ணீர், ஒரு சொட்டுகூட எடுக்கப்படாமல். தரை காய்ந்து கிடந்தது. ஏழெட்டு நிறமும் வெளுத்துத் தெரிந்தன.

பின்னாலேயே வந்த அக்கா அலறிக்கொண்டே குவளையை எடுத்தாள். அவர் முகத்தில் தண்ணீரை அடித்தாள். வாளி காலியாகும்வரை அடித்தாள். அவர் விழிக்கவில்லை.

அடுத்த மாதம் ஓர் எண் இஸ்திரியின் மேஜைக்கு வந்தது. ஐம்பத்து நான்கு வயது, ஆண், வீட்டில் விழுந்து மரணம். கூடவே ஆஸ்பத்திரி நர்ஸ் எழுதிவைத்த குறிப்பு: எழும்போது தலைசுற்றுவதாகப் போன இரண்டு முறையும் சொன்னார். தாளை எடுத்துக்கொண்டு மேடம் அறைக்குப் போனான்.

"இது எங்க மாமா, மேடம். எங்க வீடு. வேற யாருக்காவது குடுத்துடுங்க."

மேடம் கண்ணாடியைக் கழற்றி வைத்தாள். உண்மையாகவே வருத்தப்பட்டாள். உட்காரச் சொன்னாள், தண்ணீர் கொடுத்தாள்.

"அப்ப உங்களுக்குத்தான் நல்லா வரும்," என்றாள். "பாத்ரூம் தெரியும்ல."

திரும்பி வந்து உட்கார்ந்தான். மறுத்திருக்கலாம். ஆனால் மாத்திரைதான் காரணம் என்று எழுதினால், அந்த மாத்திரையை வீட்டுக்குள் கொண்டுவந்தவன் யார், 'வயசு, மாமா' என்றவன் யார் என்ற கேள்வி பின்னாலேயே வரும். தரை காரணம் என்றால் கேள்வியே இல்லை. தரைக்கு வாய் கிடையாது. நர்ஸின் குறிப்பைத் தாண்டி எழுதினான்: குளியலறையின் ஈரமான தரையில் வழுக்கி விழுந்து, தலையில் அடிபட்டு இறந்தார். மாத்திரைக்குச் சம்பந்தம் இல்லை. அவன் எழுதியதிலேயே மிகச் சுத்தமான பத்து வரி அது.

அதை ஆஸ்பத்திரியில் அக்காவைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார்கள். துணைக்குப் போயிருந்தவள் நாத்தனார், மாமாவின் மூத்த அக்கா. திரும்பி வரும்வரை வாயே திறக்காதவள், வாசலில் செருப்பைக் கழற்றும்போது திறந்தாள்.

"ஊருக்கெல்லாம் தரை போட்டான் என் தம்பி. வீட்டுத் தரையைத் துடைக்க ஒருத்திக்கு நேரம் இல்ல."

அக்கா நேரே குளியலறைக்குப் போனாள். இஸ்திரி மாடியிலிருந்து இறங்கி வந்தபோது அவள் குவளை குவளையாகத் தண்ணீரைத் தரையில் கொட்டிக்கொண்டிருந்தாள். கொட்டக் கொட்டத் தண்ணீர் ஓட்டைக்கு ஓடியது.

"பாருடா. நிக்குதா? அவர் போட்ட தரைடா இது. இதுல எப்படிடா வழுக்கும்? நீ படிச்சவன், நீ சொல்லு."

இதற்கு அவன் அலுவலகத்தில் எதுவும் யோசித்து வைத்திருக்கவில்லை. ஆனாலும் தானாக வந்தது. அத்தனை வருடப் பழக்கம்.

"சோப்பு இருந்திருக்கும்க்கா."

அக்காவின் கை குவளையோடு அப்படியே நின்றது. அவர் விழுந்ததற்கு முந்தின நாள் சாயங்காலம் அவள் அங்கே துணி துவைத்திருந்தாள். துவைத்துவிட்டு அலசினாளா, நன்றாக அலசினாளா, ஒரு மூலை விட்டுப்போயிற்றா என்று அவள் முகம் ஒவ்வொரு டைல்ஸாகத் தேடுவதை அவன் பார்த்துக்கொண்டே நின்றான். கடைசியில் கிடைத்துவிட்டது போலிருந்தது. குவளையைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "ஆமா," என்றாள். "இருந்திருக்கும்."

அதற்குப் பிறகு அவள் தேய்க்க ஆரம்பித்தாள். காலையில் ஒருமுறை, துணி துவைத்த பின் ஒருமுறை, காரணமில்லாமல் ஒருமுறை. மண்டிபோட்டு, நார் வைத்து, டைல்ஸின் இடுக்கெல்லாம். நாத்தனார் வரும்போதெல்லாம் குளியலறைக் கதவருகே நின்று காலால் தடவிப் பார்த்துவிட்டு, "இப்ப தேய்ச்சு என்ன?" என்பாள். அப்படிச் சொல்லும்போது இஸ்திரி அங்கே இருந்தால், அவனுக்கு மாடியில் ஏதாவது வேலை நினைவுக்கு வந்துவிடும்.

கட்டுரை வெளிவந்தது. புள்ளி சரியான இடத்தில் இருந்தது. பேராசிரியருக்கு ஒரு மாநாட்டில் பொன்னாடை போர்த்தினார்கள். மாத்திரை கடைக்கு வந்தது. பளபளக்கும் நீல அட்டை, ஓடும் மனிதனின் படம். இஸ்திரிக்கு ஜன்னலோர மேஜை கிடைத்தது. புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு வீட்டுக் காரணம் தேடக் கற்றுக்கொடுப்பதும் இப்போது அவன் வேலை.

ஒன்றரை வருடம் போயிருக்கும். ஒருநாள் காலை, அவன் வேலைக்குக் கிளம்பி இறங்கும்போது அக்கா கூப்பிட்டாள். நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். முட்டி இரண்டும் வீங்கியிருந்தன. கையில் அந்த நீல அட்டை.

"தெருமுனை டாக்டர் குடுத்தார்டா. முட்டிக்கு இதுக்கு மேல ஒண்ணு இல்லைங்கறார். பெரிய பேராசிரியர் ஒருத்தர் எழுதியே இருக்காராம். நீ இந்த வேலையிலதானே இருக்க, நல்ல மாத்திரைதானே?"

அட்டையைக் கையில் வாங்கினான். திருப்பிப் பார்த்தான். வேண்டாம் என்றால் ஏன் என்பாள். அந்த ஏனுக்குப் பின்னால் ஒரு காய்ந்த தரை இருந்தது.

"நல்ல மாத்திரைதான்," என்றான். "சாப்பிட்டதும் போடு." கதவுவரை போனான். கைப்பிடியில் கை வைத்தான். பிறகு, திரும்பிப் பார்க்காமலே, "போட்டா எழுந்திரிக்கும்போது மட்டும் மெதுவா எழுந்திரு," என்றான்.

அக்கா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"டாக்டர் அப்படிச் சொல்லலியே."

"சும்மா சொன்னேன்."

"நீ சும்மா எதுவும் சொல்ல மாட்டியேடா." அவன் கையிலேயே இருந்த அட்டையைப் பார்த்தாள். "எழுந்தா வீடு சுத்துதுன்னாரு. உன்கிட்டயும் சொன்னாரு. இங்க வா. இது அவர் சாப்பிட்டதா?"

அவன் கைப்பிடியை விட்டான்.

"அன்னைக்கு நீதானே முதல்ல உள்ள போன. நான் தண்ணி ஊத்துறதுக்கு முன்னாடி தரை எப்படிடா இருந்துச்சு?"

தேய்க்க எதுவும் வரவில்லை. "காஞ்சுதான் இருந்துச்சுக்கா," என்றான்.

அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தான். அடித்தாலும் தேவலை என்றிருந்தது. அவள் தன் முட்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்.

"சாயங்காலம் நாத்தனார் வருவாங்க. அவங்க முன்னாடி வந்து இதைச் சொல்றியா? சோப்பு இல்லன்னு. அது ஒண்ணு போதும்."

"அவங்க சும்மா இருக்க மாட்டாங்கக்கா. ஆஸ்பத்திரிக்குப் போவாங்க. எனக்கு வேலை போயிடும்."

"சரி," என்றாள் அக்கா.

அவன் கையிலிருந்து அட்டையை வாங்கி ஒரு மாத்திரையைப் பிதுக்கினாள். தண்ணீர் இல்லாமலே விழுங்கினாள். நாற்காலியின் கையைப் பிடிக்காமல், வீங்கிய முட்டியோடு, வெடுக்கென்று எழுந்து அவனுக்கு நேராக நின்றாள். அவன் பதறிக் கையை நீட்டினான்.

"தொடாத."

அன்றைக்கு ஒன்றும் ஆகவில்லை. மறுநாளும் கூப்பிட்டாள். வேறு வீடு பார்த்துக்கொண்டு போகிறேன் என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தான். "போயேன். நான் போடுறேனா இல்லையான்னு அங்க உக்காந்து யோசிச்சுக்கிட்டு இரு," என்றாள். அவன் போகவில்லை. இப்போது தினமும் காலையில், வேலைக்குக் கிளம்பும் முன், எதிரே போட்ட ஸ்டூலில் அவன் உட்கார வேண்டும். மாமாவின் குட்டி ஸ்டூல் அது. அவள் அவன் கண்ணைப் பார்த்துக்கொண்டே விழுங்குவாள். விழுங்குகிறாளா, நாக்கடியில் ஒதுக்கிக்கொள்கிறாளா என்று அவனுக்குத் தெரியாது. கேட்கும் தைரியம் இல்லை. பிறகு வெடுக்கென்று எழுவாள். சில நாட்களில் ஒரு கணம் ஆடுவாள். அவன் கைகள் பாதி நீண்டு, தொடக் கூடாது என்பதால் அந்தரத்தில் நிற்கும்.

"பயப்படாத," என்பாள் அக்கா. "நம்ம வீட்டுத் தரைதானே."