அக்கா எழுதி முடித்த கடைசிப் பக்கம்

மகாஜனங்களே, இனி நான் சொல்லப்போகும் கதையை நீங்கள் ஒருவரும் நம்பமாட்டீர்கள் என்று இந்த நினைவு மலரின் மேல் கை வைத்துச் சத்தியம் செய்கிறேன்.

அன்று காலை ஒக்லாந்தின் பிளாக்ஹவுஸ் பே கரையில் இருக்கும் என் வீட்டுத் தொலைபேசி அடித்த அடியில் மனுக்காவ் கடல் ஒரு முழம் பின்வாங்கிப் போனது. மறுமுனையில் அக்கா மகள், என் மருமகள் துர்க்கா. இங்கே பிறந்த பிள்ளை. சண்டையும் சமாதானமும் ஆங்கிலத்தில்தான். அன்று மட்டும் தமிழில் சொன்னாள்: "மாமா, அம்மா போயிட்டா."

என் அக்கா, திருமதி மனோகரி சிவபாதம் அவர்கள், காலமாகிவிட்டார்கள்.

அக்காவை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஆஸ்பத்திரி ஆய்வுக்கூடத்தில் இரத்தம் பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரு துளியில் இருப்பதை உள்ளபடியே எழுதுவது அவர் தொழில். இல்லாததை ஊற்றி எழுதுவது என்னுடையது. ஒக்லாந்தில் நம்மவர் யார் கண்ணை மூடினாலும், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கன்று கொடுக்கும் நினைவுப் புத்தகத்தில் வாழ்க்கை வரலாறு எழுதுபவன் அடியேன். என் பேனா பட்டால் பரம சோம்பேறியும் கர்மவீரர் ஆவார். நான் எழுதுவேன் என்ற தைரியத்தில் சற்று முந்திப் புறப்பட்டவர்களும் உண்டு.

அத்தான் சிவபாதம் அவர்கள் போனபோதும் நானே எழுதினேன். சபைகளில் சிங்கம், வாரி வழங்கிய வள்ளல், உயிர் பிரியும் வேளையிலும் தேவாரம் பாடிச் சிவபதம் சேர்ந்தவர். உண்மையில் அத்தான், வீட்டுக்கு ஆட்கள் வந்தால் கராஜுக்குள் போய், பழுதே இல்லாத புல்வெட்டும் மெஷினைக் கழற்றிப் பூட்டுகிற மனிதர். அந்தியேட்டி மண்டபத்தில் சாப்பாடு பரிமாறிக்கொண்டிருக்கையில் அக்கா புத்தகத்தை நின்றபடியே வாசித்தார். பிறகு என்னிடம் வந்தார்.

"தம்பி, இந்த ஆளை எனக்கு முன்னப்பின்னத் தெரியாது. என்ர மனுசனை எங்கை துலைச்சனி?"

நான் சிரித்துச் சமாளித்தேன். அக்கா சிரிக்கவில்லை. அடுத்த வருடம் பல்கலைக்கழகத்தில் படைப்பெழுத்துப் படிக்கச் சேர்ந்துவிட்டார். பேரப்பிள்ளை வயதுப் பிள்ளைகளுக்கு நடுவில் சேலை கட்டி, முதல் வரிசையில். ஒனிஹங்கா ஸ்டேஷனில் அவர் ஏறினால் ரயிலே எழுந்து நின்று வணக்கம் சொல்லும் என்று நான் ஊரெல்லாம் பரப்பினேன். பட்டம் முடித்து அதற்கு மேற்படிப்பான ஹானர்ஸுக்கும் போனார். அங்கே கதை எழுதிக் கொடுத்தால் அதுவே ஆய்வேடாம். ஏன் அப்படி எழுதினேன் என்று பின்னால் ஒரு கட்டுரை போதுமாம். அப்படியானால் இத்தனை காலம் எனக்கு எத்தனை டாக்டர் பட்டம் வந்திருக்க வேண்டும் என்று கேட்டேன். அக்கா எழுதியது ஒரே ஒரு ஆளைப் பற்றி: அத்தானைப் பற்றி.

இடையிடையே போன் வரும். அத்தான் புல் வெட்டும்போது என்ன முணுமுணுப்பார் என்று ஒருநாள் கேட்டார். கச்சேரியே செய்வார், அயல் முழுக்க வேலியில் வந்து நிற்கும் என்றேன்.

"அவர் ஒருநாளும் பாடினதில்லையடா. வாய்ப்பாடு சொல்லுவார்" என்று போனை வைத்துவிட்டார்.

பிறகு நோய் வந்தது. ஆய்வேடு கொடுக்கும் நாள் முந்துமா, நோய் முந்துமா என்ற நிலை. துர்க்கா தவணை கேட்போம் என்றாள், அக்கா மறுத்தார். கடைசிப் பக்கம் ஒன்றுதான் மிச்சம். என்னைக் கூப்பிட்டு, சமையலறை மேசையில் எதிரே இருத்தினார்.

"ஆஸ்பத்திரியிலை அவர் போகேக்கை நான் கீழை தேத்தண்ணி வாங்கப் போயிட்டன். நீ மட்டுந்தான் பக்கத்திலை நிண்டனி. தேவாரத்தை விடு. என்ன நடந்தது?"

நூறு பொய் நாக்கு நுனிவரை வந்தது. அந்தக் கண்களைப் பார்த்துக்கொண்டு ஒன்றையும் எடுக்க முடியவில்லை.

"கதிரையிலை உங்கட கம்பளிக் கார்டிகன் கிடந்தது, அக்கா. 'அவ குளிரிலை போயிட்டா, கொண்டுபோய்க் குடு' எண்டார். இப்ப வந்திடுவா அத்தான் எண்டு சொல்லி அதைக் கையிலை எடுத்தன். திரும்பிப் பாக்க, அவர் இல்லை."

அக்கா மேசைத் துணியை நீவினார்.

"எந்தக் கார்டிகன்?"

"நீலம்."

"ஓம். அண்டைக்குக் குளிர்தான்."

அவ்வளவுதான். என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். இவ்வளவு சின்ன வார்த்தை ஒரு பெரிய மனிதரின் நினைவுப் புத்தகத்துக்குப் போதாது என்று நினைத்தவன் நான். அந்த வார்த்தைக்குரியவர் இத்தனை வருடமாய் அது இல்லாமல் இருந்திருக்கிறார்.

அக்கா முடித்தார். நாள் தவறாமல் கொடுத்தார், நல்ல புள்ளியும் வாங்கினார். அட்டை கட்டி வந்த ஆய்வேட்டுப் பிரதியை என்னிடம் நீட்டியபோது நேரே கடைசிப் பக்கத்துக்குப் போனேன், என் பொய் அச்சில் ஏறியிருக்கிறதா என்று பார்க்க. இல்லை. கையில் நீலக் கார்டிகனோடு ஒரு தம்பி நிற்கிறான்; அவ்வளவுதான் எழுதியிருந்தார். வெட்கத்தில் என்னால் தலை நிமிர முடியவில்லை. அக்கா எழுந்துபோய்த் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்தார்.

இறுதிக் கிரியை அன்று, பெட்டி மூடும் முன், துர்க்கா பட்டுச் சேலைக்கு மேல் அந்த நீலக் கார்டிகனைப் போர்த்தினாள். ஐயர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "அம்மாவுக்குக் குளிரும்" என்றாள். அவர் மந்திரத்தைத் தொடர்ந்தார்.

இதோ, உங்களுக்கும் நானே எழுதுகிறேன், அக்கா. சிங்கம், வள்ளல் ஒன்றும் போடவில்லை. கடல் பின்வாங்கவில்லை, ரயில் எழுந்து நிற்கவில்லை. நான் இந்த ஊரில் எழுதிக் குவித்த அத்தனை மரணங்களிலும் உண்மை என்று ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது: அத்தான் உங்களுக்குக் குளிரும் என்றார்.

போயிட்டு வாங்கோ, அக்கா.