வளவுக்குள் ஓடிய சைக்கிள்

என் பிள்ளைகளே, உங்கள் உம்மா ஏன் பாதிச் சோற்றில் எழும்பிப் போகிறார், கதைத்துக்கொண்டிருக்கும்போதே ஏன் நெஞ்சைப் பிடிக்கிறார் என்று என்னிடம் கேட்டிருக்கிறீர்கள். வாய் திறந்து சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். ஆனாலும் எழுதினால் சொல்லிவிடலாம் போல் இருக்கிறது.

பெண்களுக்கு மாதக்கணக்கு நின்றுபோகும் வயது ஒன்று உண்டு. அந்த வயதில் உம்மாவைப் பயம் பிடித்தது. எதற்குப் பயம் என்று அவருக்கே தெரியாது. உடம்பு திடீரென்று கொதிக்கும், முந்தானை வியர்வையில் நனையும், நெஞ்சு அடிக்கத் தொடங்கும். "நான் மவுத்தாகப் போறன், உசிரு போகுது" என்பார். பள்ளிவாசல் லெப்பை தண்ணீர் ஓதிக் கொடுத்தார். பரிசாரி கஷாயம் தந்தார். எல்லாவற்றையும் குடித்தார். பயம் போகவில்லை.

ஒரு நாள் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு நாவிதன்வெளி வயலிலிருந்து வந்து சைக்கிளை வேலியில் சாத்தினேன். உம்மா ஓடிவந்து ஹாண்டிலைப் பிடித்துக்கொண்டார்.

"ஒரு இடத்தில நிண்டா செத்திருவன். இத உருட்டப் போறன்."

கிணற்றைச் சுற்றி உருட்டினார். சில நாளில் ஏறவும் பார்த்தார். என் சாறனை உடுத்து, சைக்கிள் பாருக்குள்ளால் காலை விட்டு, ஒரு பக்கம் சரிந்து மிதித்தார். கடற்கரை மணலில் சில்லு புதைந்தது. நான் வயற்களி கொண்டுவந்து கிணற்றைச் சுற்றிப் போட்டு இடித்து இறுக்கிக் கொடுத்தேன். கிடுகு வேலி ஆளுயரம், வெளியே யாருக்கும் தெரியாது. அவருடைய தங்கை, உங்கள் சாச்சி, சீற்றைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடுவார்.

"ராத்தா, கிணத்துக்குள்ள உழுந்திராதீங்க, வாளியாலதான் அள்ளோணும்!"

"வாய மூடிட்டுப் புடிடி. உட்டுட்டுச் சிரிக்காத!"

இறங்கி மூச்சு வாங்கும்போது ஒருநாள் என்னிடம் சொன்னார்: "இஞ்ச பாருங்க, மிதிச்சு நெஞ்சு அடிச்சா ஏன் அடிக்கிதெண்டு தெரியிது. சும்மா இரிக்கக்குள்ள அடிக்கிறதுதான் பயம்."

அந்த நாட்களில் உம்மா வயிறாரச் சாப்பிட்டார், நன்றாக உறங்கினார்.

பிறகு உங்கள் மூத்த ராத்தாவுக்குக் கலியாணம் பேசினோம். நம் ஊர் வழக்கம் தெரியும்தானே? வீடும் அதைச் சுற்றிய வளவும் மகளுக்கு. மாப்பிள்ளை அங்கே வந்து இருப்பார். பெற்றவர்கள் வளவு மூலையில் கொட்டில் போட்டு ஒதுங்கவேண்டும். மருதமுனை நெசவுக்கார மாப்பிள்ளையை உம்மாதான் விரும்பினார்.

"தறி வீட்டோட இரிக்கும். கடலுக்குப் போறவனக் கட்டிட்டு நம்மட மகள் வாசலப் பாத்துட்டு இரிக்கத் தேவல்ல" என்றார்.

தறியை முன் அறையில், கிணற்றைப் பார்த்த யன்னலோரம் வைத்தார்கள். வெளிச்சம் அங்கேதான். மருமகன் சுபஹு தொழுத கையோடு தறியில் அமர்ந்தால் பொழுதுபட்டு மஃரிப் வரை இருப்பார். மாமி மருமகன் கண்ணில் படாமல் ஒதுங்கி நடக்கிற ஊர் இது. சாறன் உடுத்துச் சைக்கிள் ஓட முடியுமா? மருமகனைக் குறை சொல்லாதீர்கள், ராத்தாவையும் சொல்லாதீர்கள். அவர் உழைக்கிறார், அவ்வளவுதான்.

பயம் திரும்பி வந்தது.

"மருமகன் ஜும்ஆவுக்குப் போற நேரத்தில ஓடன் புள்ள" என்றேன்.

"பயம் வெள்ளிக்கிழமை பாத்தா வருது?"

"அப்ப கரியரில இரி, வயல் பக்கம் கூட்டிட்டுப் போறன்."

"சந்தியால போகக்குள்ள ஊரே பாக்கும். மகளுக்குத்தான் கதை வரும்."

இப்போது கொட்டிலுக்குள் இருந்து தறிச் சத்தத்தைக் கேட்கிறார். அது தன் நெஞ்சுக்குள் அடிக்கிறதாம். வயது போகப் போகச் சரிவரும் என்று பரிசாரி சொன்னார். வயது போகிறது, வேறொன்றும் போகவில்லை.

போன கிழமை கடைசியாகக் கேட்டுப் பார்த்தேன்: "தறிய மற்றப் பக்கம் வைக்கச் சொல்லி நான் மருமகனோட கதைக்கட்டா?"

"என்னத்தச் சொல்லுவீங்க? மாமிக்குச் சைக்கிள் ஓடணுமாம் எண்டா? மகள்ற குடும்பத்தக் குழப்பாதீங்க. இனி இந்தக் கதையே வேணாம்."

முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். சைக்கிளை எடுத்துக்கொண்டு வயலுக்குப் புறப்பட்டேன். ஒழுங்கை முடிந்து றோட்டு வந்தது. ஏறி மிதிக்க மனம் வரவில்லை. வயல் வரைக்கும் அதை உருட்டிக்கொண்டே நடந்தேன்.