கீழே வைத்த கத்தி

என் தாய்மாமாவிடம் பதினேழு மடக்குக் கத்திகள் இருந்தன. சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டிய அவர், போகிற ஊரில் நல்ல கொல்லர் பட்டறை கண்ணில் பட்டால், லாரியின் தேய்ந்த ஸ்பிரிங் பட்டையில் ஒரு துண்டைக் கொடுத்துத் தன் உள்ளங்கைக்கு அளவாக ஒரு கத்தி செய்து வாங்கிவிடுவார். ஒன்றுக்கு மாட்டுக்கொம்புப் பிடி, ஒன்றுக்குப் புளியங்கட்டை, இன்னொன்றில் மீன் வால்போல வளைந்த பித்தளை. எல்லாம் பிஸ்கட் டப்பாவுக்குள், தேங்காயெண்ணெய் தடவிய துணியில் தூங்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் டப்பாவோடு எங்கள் வீட்டுக்கு வருவார்.

“இத்தன கத்தி இருக்கு, ஒரு வெங்காயம் நறுக்கத் துப்பு இல்ல” என்பாள் அம்மா.

“அதுங்க வேலைக்கு வந்ததில்லக்கா, விருந்துக்கு வந்ததுங்க” என்பார் மாமா.

எனக்கு மட்டும் பார்க்கத் தருவார். தரையில் வைப்பார், நான் எடுத்துக்கொள்ள வேண்டும். கத்தியைக் கைக்குக் கை கொடுத்தால் சண்டை வருமாம்.

எனக்குப் பத்து வயது. பதினெட்டாவது கத்தி வந்த அன்று, அதன் அழகில் எல்லாம் மறந்து, ஓடிப்போய் அப்பாவின் கையிலேயே கொடுத்துவிட்டேன். சாப்பாடு முடிவதற்குள் இருவருக்கும் வாக்குவாதம். என்னை வெளியே விரட்டிவிட்டதால் சத்தம் மட்டுமே கேட்டது. மாமா பாதிச் சோற்றில் எழுந்து போனார். அந்தக் கத்தி டிவி மேலேயே கிடந்தது.

அதன்பின் அவர் வரவில்லை. ஊர் முக்கில் ஹாரன் அடித்துவிட்டுப் போகும் அவர் லாரி ஊமையாகப் போயிற்று. மூட்டிவிட்டவள் நான்தான் என்பதை யாரிடமும் சொல்லாமல் ஒரு மாதம் தவித்தேன். பிறகு ஒரு காலையில், லாரி தூரத்தில் தெரிந்ததும், கத்தியைத் தார் ரோட்டின் நடுவில் வைத்துவிட்டு ஓரமாக நின்றேன்.

பிரேக் போட்டுக் குதித்தார். “ஏய் கழுத, உசுரு போயிருக்கும்டி!”

“கையில குடுத்துதான மாமா சண்ட வந்துச்சு? இப்ப கீழ வெச்சுட்டேன். எடுத்துக்குங்க.”

மாமா குனிந்தார். கத்தியை எடுத்துத் துண்டில் துடைத்தார். லாரியை ஓரங்கட்டிவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். நடந்ததைக் கேட்ட அப்பா என்னை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு பாயை விரித்துப் போட்டார்.

“திங்கக்கெழம நீயே கூட்டிட்டுப் போ, மாப்ள.”

சண்டை எதற்கென்று, நான் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் அம்மா சொன்னாள். ஐந்தாவதோடு என்னை நிறுத்தி முந்திரி உடைக்க அனுப்பலாம் என்றாராம் அப்பா. ஜெயங்கொண்டத்தில் ஆறாவது சேர்க்க வேண்டும் என்றாராம் மாமா. அதுவரை எங்கள் குடும்பத்தில் ஒருவரும் ஆறாவது படித்ததில்லை. இன்று நான் எம்.எஸ்சி.; யாரும் கேட்காவிட்டாலும் சொல்வேன்.

அன்று எனக்கு எதுவும் தெரியாது. திங்கட்கிழமை அம்மா ஒரு மஞ்சள் பையில் ஏதோ காகிதங்களை வைத்துக் கொடுத்தாள். சண்டையைத் தீர்த்துவைத்ததற்கு மாமா எனக்கு வளையல் வாங்கித் தரப்போகிறார் என்று முடிவுகட்டி, அவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, ஜெயங்கொண்டம் வரை நிறம் தேர்ந்துகொண்டே போனேன்.