என் புல்வெளியில் ஒரு ‘நோ’

இலையுதிர் காலம் வந்தால் எங்கள் தெருவில் மரங்கள் மொட்டையாகும், அட்டைகள் முளைக்கும். ஒகையோ மாநிலத்தில் சோள வயல்களுக்கு நடுவே இருக்கும் சிற்றூர் இது. இங்கே தேர்தல் என்றால் மைக் கட்டிய ஆட்டோ கிடையாது, பட்டாசு கிடையாது, வீட்டுக்கு வந்து கும்பிடும் வேட்பாளரும் கிடையாது. அவரவர் புல்வெளியில் இரண்டு கம்பிக் கால்களோடு ஓர் அட்டையை ஊன்றிவிட்டு உள்ளே போய்விடுகிறார்கள். நீங்கள் எந்தக் கட்சி என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. நடந்து போகிறபோது படித்துக்கொள்கிறார்கள். கல்லூரி இருக்கும் மேட்டுத் தெரு ஒரு கட்சி. விவசாயிகளும் பென்ஷன்காரர்களும் இருக்கும் எங்கள் தெரு இன்னொரு கட்சி. வந்த புதிதில் மார்கழிக் கோலம் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டே நடப்பேன். எங்கள் வீட்டு முன்னால் மட்டும் வெறும் புல். கிரீன் கார்டுக்குக் காத்திருப்பவர்களுக்கு ஓட்டு இல்லை.

போன வருடம் வந்தது கட்சித் தேர்தல் அல்ல. என் மகள் மித்ரா இரண்டாம் வகுப்புப் படித்த ஊர்ப் பள்ளிக்காக வீட்டு வரியை ஏற்றலாமா என்று ஊரையே கேட்கிற ஓட்டு. வேண்டாம் என்று முடிவானால் பள்ளியை மூடிவிட்டுப் பிள்ளைகளைப் பக்கத்து டவுனுக்கு பஸ்ஸில் அனுப்பிவிடுவார்கள். ஒரு பள்ளிக்கூடத்தின் உயிரை இப்படி ஓட்டுக்கு விடுவார்கள் என்பது விளங்கவே எனக்கு நாளாயிற்று. இதில் கட்சிக் கணக்கெல்லாம் கலைந்துவிட்டது. பிள்ளைகள் படிக்கிற வீடுகள் ஒரு பக்கம், பிள்ளைகள் வளர்ந்து வெளியூர் போய்விட்ட வீடுகள் மறுபக்கம்.

அப்போதுதான் எதிர்வீட்டு டேல் வந்தார். எழுபதைத் தாண்டியவர். பனி கொட்டினால் நாங்கள் எழுவதற்குள் எங்கள் வாசலையும் சேர்த்து அள்ளிவிடுகிற மனிதர். உங்களுடையது மூலை வீடு, எல்லா வண்டியும் திரும்புகிற இடம், ஓர் அட்டை வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டார். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று நான் கேட்கவில்லை. வாய் தானாக ‘ஷ்யூர், ஷ்யூர்’ என்றது. சமையலை முடித்துவிட்டு வெளியே வந்து பார்த்தால், சிவப்பு எழுத்தில் பெரிய ‘நோ’.

ஊரிலிருந்து படிக்கிற உங்களுக்கு இது புரியும். துடியலூரில் எங்கள் வீட்டுக் காம்பவுண்டுச் சுவர் மேட்டுப்பாளையம் ரோட்டைப் பார்த்து நின்றது. தேர்தல் நெருங்கினால் கட்சிக்காரர்கள் சுவர் கேட்டு வருவார்கள். மில்லில் ஃபிட்டராக இருந்த அப்பா, முதலில் வந்து கேட்டவருக்குக் கொடுத்துவிடுவார், காபியும் கொடுப்பார். ஒரு தேர்தலுக்கு இந்தச் சின்னம், அடுத்ததற்கு அந்தச் சின்னம். அவர் ஓட்டு யாருக்கு என்பது அம்மாவுக்கே தெரியாது. சுவரைப் பார்த்து அப்பாவின் மனதை யாரும் எடைபோட்டதில்லை. புல்வெளியையும் அந்தச் சுவர் மாதிரி நினைத்துவிட்டேன். இங்கே புல்வெளிதான் மனது.

மித்ராவின் டீச்சர் என்னைக் கண்டால் நின்று பேசுகிறவர். மறுநாள் மாலை, “உங்கள் வீட்டு அட்டையைப் பார்த்தேன். அது உங்கள் உரிமை, மதிக்கிறேன்” என்று மட்டும் சொன்னார். நான் பதறிப்போய், எங்களுக்கு ஓட்டே இல்லை, எங்கள் ஊரில் யார் கேட்டாலும் சுவரைக் கொடுத்துவிடுவோம் என்றெல்லாம் விளக்கினேன். முழுவதையும் கேட்டுவிட்டு, “ஓட்டு இல்லாமலே இவ்வளவு தீவிரமா?” என்றார். அதற்குமேல் பேச எனக்கு இங்கிலீஷ் வரவில்லை. தமிழிலும் வந்திருக்காது.

பிடுங்கிப் போடு என்றார் என் கணவர். அன்று சாயங்காலமே போய் அட்டையில் கை வைத்தேன். டேல் தன் வீட்டுப் படியிலிருந்து கையைத் தூக்கினார், காற்றில் சாய்ந்ததை நிமிர்த்தி வைத்ததற்கு நன்றி என்று சத்தமாகச் சொன்னார். நான் அதை நிமிர்த்தி வைத்துவிட்டு உள்ளே வந்தேன். அன்றைக்கு என் மேல் எனக்கு வந்த ஆத்திரம் வேறு யார் மேலும் வந்ததில்லை.

பள்ளி தோற்றது. மித்ரா அழவில்லை. சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தபடி, “அம்மா, நம்ம வீடும்தானே நோ சொல்லுச்சு?” என்று கேட்டாள். நமக்கு ஓட்டு இல்லை கண்ணு என்றேன். அப்புறம் ஏன் போர்டு வச்சோம் என்றாள்.

அட்டையை எடுக்க வந்த டேல், ஆப்பிள் பை என்கிற இனிப்புப் பலகாரம் ஒன்றும் கொண்டுவந்தார். பனி நாட்களில் பஸ்ஸைத் தவறவிட்டால் தன் பிக்கப் வண்டியில் மித்ராவைக் கொண்டுபோய் விடுகிறேன் என்றார். பொய்யில்லை, நிச்சயம் செய்வார். பென்ஷனில் இருப்பவருக்கு வரி ஏறினால் வலிக்கத்தானே செய்யும். வீட்டு வரி ரசீதைப் பார்த்தாலே அப்பாவும் புலம்புவார். கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல் பலகாரத்தை வாங்கிக்கொண்டேன்.

சென்ற ஞாயிறு அப்பா போன் வீடியோவில் வந்தார். அவருக்குப் பின்னால் சுவருக்குப் புதுச் சுண்ணாம்பு. ஏணியில் நின்று ஒருவர் சின்னம் வரைந்துகொண்டிருந்தார். எனக்குச் சுருக்கென்றது. யாருக்கு, எதுக்குன்னு கேட்டீங்களாப்பா என்று அதட்டாத குறையாகக் கேட்டேன்.

“வாசல்ல வந்து நின்னு கேக்கறாங்க அம்மணி. மூஞ்சிக்கு நேரா மாட்டேன்னு எப்படிச் சொல்றது?” என்றார்.

ஜன்னலுக்கு வெளியே, கம்பிக் கால்கள் நின்ற இடத்தில் இரண்டு ஓட்டைகள் இன்னும் தூரவில்லை. அவற்றைத் தாண்டி, தெருவின் அந்தப் பக்கத்திலிருந்து டேல் என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார். ஒரு கையில் அப்பாவைப் பிடித்துக்கொண்டு, மறு கையை நானும் ஆட்டினேன்.