ஐந்து நிமிடம் உட்காருங்கள்

எங்கள் தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரிக்கு வர எண்பது படி ஏற வேண்டும். வெள்ளைக்காரன் காலத்தில் எந்தப் புண்ணியவானோ மேட்டில் கட்டிவைத்துவிட்டுப் போயிருக்கிறான். இருபத்தெட்டு வருடமாக அங்கேதான் மருந்து கொடுக்கிறேன். நான் டாக்டர் இல்லை, தோட்ட வைத்திய உதவியாளர். ஆனால் லயத்து வீடுகளில் இருக்கும் தொழிலாளர் சனம் ஐயா என்றுதான் கூப்பிடும். அந்த ஐயா எனக்குக் கொஞ்சம் தலைக்கேறித்தான் இருந்தது.

சான்றிதழைப் புதுப்பிக்கப் பயிற்சிக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்தபோது பொல்லாத கோபம் வந்தது. ஐம்பத்தைந்து வயதில் எனக்குப் பரீட்சையா? வட்டகொடையில் ரயிலேறி, நானுஓயாவில் இறங்கி, வேனில் நெருக்கியடித்துக்கொண்டு நுவரெலியா போய்ச் சேரும்வரை பக்கத்திலிருந்த மரக்கறி வியாபாரியிடம் புலம்பித் தள்ளினேன். பாவம் மனிதர், தலையை ஆட்டிக்கொண்டே வந்தார்.

புலம்பலில் நியாயம் இல்லாமலும் இல்லை. இந்தத் தொழிலில் நேற்றுச் சரியாக இருந்தது இன்றைக்குப் பிழை. குளவி கொட்டினால் முதலில் போடும் ஊசி மாறியது. பிறந்த பிள்ளையின் தொப்புளில் எதையும் பூசாதே என்றார்கள். ஒவ்வொன்றையும் படித்து மாற்றிக்கொண்டவன்தான் நான். ஆனால் பிரஷர் பார்ப்பதில் புதிதாக என்ன இருக்கிறது? பட்டியைச் சுற்று, காற்றை அடி, காதால் கேள், எழுது. அவ்வளவுதானே!

பயிற்சி கொடுத்தவர் என் மகள் வயது டாக்டரம்மா. யாராவது செய்துகாட்டுங்கள் என்றதும் நான் முந்திக்கொண்டு எழுந்தேன். அப்போதுதான் மாடியேறி வந்த இன்னொரு தோட்டத்து உதவியாளரை இழுத்து உட்காரவைத்து, வீட்டில் பிள்ளைகள் சுகமா என்று விசாரித்தபடியே ஒரு நிமிடத்தில் அளந்து முடித்தேன். டாக்டரம்மா விரல்விட்டு எண்ணினார். மூச்சு வாங்க வந்தவரை ஆறவிடவில்லை. ஸ்வெட்டர் கைக்கு மேலேயே பட்டியைச் சுற்றினேன். பேச்சுக் கொடுத்தேன். ஒரே தடவை பார்த்துவிட்டு எழுதினேன். அறையே சிரித்தது. நல்ல மூக்குடைப்பு.

டாக்டரம்மா மட்டும் சிரிக்கவில்லை. உங்கள் பிரஷர்காரர்கள் எல்லோரையும் ஐந்து நிமிடம் பேசாமல் சாய்ந்து உட்காரவைத்து, வெறும் கையில், இரண்டு தடவை அளந்து எழுதி வாருங்கள், அதைப் பார்த்துத்தான் சான்றிதழ் என்றார். மனதுக்குள் முணுமுணுத்தேன். வேறென்ன செய்ய?

அடுத்த வியாழக்கிழமை, பிரஷர் பார்க்கும் நாள், சுவரோரம் உட்கார ஒரு வாங்கைப் போட்டேன். காலை முதல் கொழுந்து மலையில் நின்று பழகிய பெண்களைச் சும்மா உட்காரவைப்பது லேசான காரியமா? ஒருத்தி சேலையைச் சரிசெய்துகொண்டு, "என்னங்கய்யா, பொண்ணு பாக்க வர்றாங்களா?" என்றாள். வாங்கு முழுக்கச் சிரிப்பு. முதலிலிருந்து மறுபடி ஐந்து நிமிடம்.

நான்காவதாக வந்தவள் நாற்பத்தாறு வயதுக்காரி, அமைதியானவள். அவளுடைய அளவு மிகவும் இறங்கியிருந்தது. மறுபடி பார்த்தேன், அப்படியேதான். ஒரு வருடமாகவே, குனிந்து நிமிர்ந்தால் தலை சுற்றுகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். காலையில் ஒழுங்காகச் சாப்பிடு என்று அதட்டி அனுப்பியவன் நான்.

அவளுடைய கிளினிக் புத்தகத்தைப் பின்னோக்கிப் புரட்டினேன். நான்கு வருடத்துக்கு முந்திய பக்கத்தில் என் கையெழுத்து, ஒரே ஒரு அளவு. எனக்குச் சுருக்கென்றது. கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுச் செல்லும் புள்ளக் காம்பராவில் வேலை கேட்டு, அதற்கான மருத்துவக் கடிதத்துக்காக அன்று வந்திருந்தாள். மத்தியானம் நேரே மலையிலிருந்து ஓடிவந்தாள். எண்பது படி. கம்பளி ஸ்வெட்டர். ஒரே நிமிடத்தில் அளந்து, பிரஷர் இருக்கிறது என்று தோட்டத்து ஆபீசுக்கு எழுதினேன். வேலை வேறொருத்திக்குப் போனது. பிறகும் மாதாமாதம் அதே லட்சணத்தில் நான் அளந்து அனுப்பியதை நம்பித்தான் ஆஸ்பத்திரியில் அவளுக்கு மாத்திரை தொடங்கினார்கள். அந்த மாத்திரைதான் பிரஷரை இறக்கித் தலையைச் சுற்றவைத்திருக்க வேண்டும்.

எல்லாவற்றையும் எழுதி ஆஸ்பத்திரி டாக்டரிடம் அனுப்பினேன். அவர் மாத்திரையைக் குறைத்து, பிறகு நிறுத்திவிட்டு, வாராவாரம் பார்க்கச் சொன்னார். மூன்று மாதம் பார்த்தேன். மாத்திரை இல்லாமலே அளவு சரியாக இருந்தது. அதற்குள் எனக்குச் சான்றிதழும் வந்துவிட்டது. அதை மேசை லாச்சியில் போட்டு மூடினேன்.

அவளுக்கோ ஒரே சந்தோஷம். "சுகமாயிருச்சுங்கய்யா. எல்லாம் உங்க கைராசி" என்றாள்.

மறைப்பானேன், அப்படியே விட்டுவிடலாமென்று எனக்கு ஆசை வந்தது. ஆனால் புள்ளக் காம்பராவில் ஒருத்தி ஓய்வு பெறப்போகிறாள் என்பது தோட்டத்துக்கே தெரியும். மனுப்போடவில்லையா என்று இவளிடம் கேட்டேன். வந்த நோய் திரும்பி வராமலா இருக்கும், பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு விழுந்தால் யார் பதில் சொல்வது, ஆபீசிலும் உங்கள் கடிதம் கிடக்கிறதே என்றாள். இதற்குமேல் எப்படி வாயை மூடிக்கொண்டிருப்பது?

"ஒனக்கு நோயே இருக்கலம்மா. நான் அளந்ததுதான் பிழை" என்றேன்.

"அப்ப நாலு வருஷமா நான் சீக்காளின்னு நெனச்சு பயந்துகிட்டு இருந்தது?" என்று கேட்டாள். அவள் எழுந்து போய்விட்டாள். இரண்டு வியாழக்கிழமை வரவே இல்லை.

என் பழைய கடிதம் பிழையானது, இவளுக்கு நோய் இல்லை என்று எழுதிக்கொண்டுபோய்த் தோட்டத்து மேனேஜர் தொரையிடம் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு, இதை ஃபைலில் போட்டால் நீர் எழுதிய மற்றக் கடிதங்களையும் கேள்வி கேட்பார்களே என்றார். கேட்கட்டும், எல்லோரையும் மறுபடி அளந்துகொண்டுதான் இருக்கிறேன் என்றேன். வெளியே வந்தபோது பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் அன்று மத்தியானம் வயிறாரச் சாப்பிட்டேன்.

வேலை அவளுக்கே கிடைத்தது. பிள்ளைகளை நிறுக்கும் நாளில் புள்ளக் காம்பராவுக்கு எப்படியும் நான் போயாக வேண்டும். தயங்கித் தயங்கித்தான் போனேன். அவள் ஏப்ரன் கட்டி, ஒரு பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். தராசை மாட்டித் தந்தாள். ஒவ்வொரு பிள்ளையாகத் தூக்கித் தந்தாள். கடைசிப் பிள்ளையை நிறுத்து முடித்ததும் கேட்டாள்.

"நீங்க சொல்லலன்னா எனக்கு இது தெரிஞ்சிருக்குமாங்கய்யா?"

"தெரிஞ்சிருக்காது."

பிள்ளையைத் தொட்டிலில் கிடத்தி, போர்வையை இழுத்துவிட்டாள்.

"எங்க வீட்டுக்காரரு டிஸ்பென்சரி பக்கமே வரமாட்டேங்கிறாரு. வியாழக்கெழம இழுத்துட்டு வாறேன். நீங்களே பாருங்க."